மெழுகு ஓவியம்: தோட்டப் பட்டணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் என்காஸ்டிக் எனப்படும் மெழுகு ஓவிய முறையைக் கையில் எடுப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கிடைக்கும் கையேடுகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்களுக்கு எழுதப்பட்டவை. பிற்பகல் மூன்று மணிக்குத் தகரக் கூரையின் கீழே மெழுகு என்ன பாடுபடும் என்று அவற்றில் இருக்காது. கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால்.

என்காஸ்டிக்னா என்ன? மெழுகை உருக்கிப் பலகையில ஊத்துறதுதானா?

தேன்மெழுகோடு டாமர் பிசினைச் சேர்த்து உருக்கி, அதில் நிறமித் தூளைக் கலந்து, சூடு ஆறுவதற்குள் பலகையில் தீட்டும் முறை இது. தீட்டிய ஒவ்வொரு படலத்துக்கும் மறுபடியும் சூடு காட்டி, அடியில் இருப்பதோடு உருகிச் சேரவைக்க வேண்டும். இந்த இரண்டாவது சூடுதான் முக்கியம். அதை விட்டுவிட்டால் படலங்கள் ஒன்றின்மேல் ஒன்று சும்மா உட்கார்ந்திருக்கும். நகத்தால் நெம்பினாலே பெயர்ந்து வரும்.

முறை மிகப் பழையது. எகிப்தின் ஃபாயும் வட்டாரத்தில் கி.பி. 1 முதல் 3ஆம் நூற்றாண்டு வரை, இறந்தவர்களின் முகங்களை மரப்பலகையில் தீட்டி மம்மியோடு சேர்த்துக் கட்டினார்கள். அவற்றில் பல மெழுகால் ஆனவை. 1888இல் அதே வட்டாரத்து ஹவாராவில் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி அவற்றைத் தோண்டி எடுத்தபோது, அந்தக் கண்களில் நிறம் இன்னும் இருந்தது. நம் காலத்துக்கு வந்தால், அமெரிக்க ஓவியர் ஜாஸ்பர் ஜான்ஸ் 1954-55இல் செய்தித்தாள் துண்டுகளுக்கு மேல் மெழுகைத் தீட்டி அமெரிக்கக் கொடியை வரைந்தார். அருகில் போய்ப் பார்த்தால் கொடிக்குள் அச்செழுத்துகள் தெரியும்.

பாத்திக் துணிக்கும் மெழுகு உருக்குறாங்களே, ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. பாத்திக்கில் மெழுகு ஒரு தடுப்பு. சாயம் ஏறக் கூடாத இடத்தில் பூசி, வேலை முடிந்ததும் கொதிநீரில் போட்டு எடுத்துவிடுவார்கள். 1950களில் துணியில் பாத்திக் முறையால் ஓவியமே வரைய முடியும் என்று காட்டிய பினாங்கின் சுவா தியென் தெங் படைப்புகளிலும் மெழுகு கடைசியில் தங்குவதில்லை. என்காஸ்டிக்கில் மெழுகுதான் ஓவியம்.

பாத்திக் மெழுகுக்கட்டியை வாங்கி இதற்குப் பயன்படுத்தலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம். அதில் பாரஃபினும் பிசினும் என்ன அளவில் இருக்கின்றன என்று தெரியாது. துணியில் நன்றாக வெடிப்பு விழ வேண்டும் என்றே சில கலவைகளைச் செய்வார்கள். அந்த வெடிப்பு பலகையில் வந்தால் ஓவியம் போச்சு.

வீட்டுல மிச்சமிருக்கிற மெழுகுவர்த்தி, பிள்ளைங்களோட கிரேயான் எல்லாம் போடலாமா?

கைப்பழக்கத்துக்கு மட்டும் போடலாம். சாதாரண மெழுகுவர்த்தி பாரஃபின். ஆறியதும் சுருங்கும், செதில் செதிலாக உடையும், பலகையைப் பற்றிக்கொள்ளாது. கிரேயானிலும் அதே பாரஃபின்தான். அதன் சாயம் வெளிச்சத்தில் எவ்வளவு நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது. வைத்திருக்க நினைக்கும் படத்துக்கு இரண்டுமே ஆகாது. தூரிகை சுத்தம் செய்யப் பழைய மெழுகுவர்த்தி உதவும். அதைப் பின்னால் சொல்கிறோம்.

தேன்மெழுகு எங்க வாங்குறது? கெலுலுட் வளர்க்கிறவங்ககிட்ட கேட்டா கிடைக்குமா?

சோப்பு, களிம்பு செய்பவர்களுக்கு விற்கும் வெள்ளை அல்லது மஞ்சள் தேன்மெழுகு மணிகள் இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. முழுத் தேன்மெழுகா, கலப்பா என்று உறையில் பாருங்கள். வந்ததும் ஒரு துண்டைக் கையில் வைத்துப் பிசையுங்கள். நல்ல மெழுகு உள்ளங்கைச் சூட்டில் மாவாக இளகும். உடைத்தால் உடைந்த முகம் சொரசொரப்பாக இருக்கும். வழுக்கிக்கொண்டு செதிலாக உதிர்ந்தால் பாரஃபின் கலந்திருக்கிறது.

கொட்டும் தேனீக்களின் அடையிலிருந்து எடுத்த மெழுகு உள்ளூரில் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் தேனும் மகரந்தமும் புழுக்கூடும் அதில் இருக்கும். பழைய பானையில் தண்ணீரோடு சேர்த்து மெல்ல உருக்கி, துணியில் வடித்து, ஆறவிடுங்கள். மேலே மிதக்கும் கட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் கசடைச் சுரண்டிவிட்டு, மறுபடி இரண்டு முறை அப்படியே செய்தால் சுத்தமாகும். கட்டிக்குள் ஈரம் துளியும் தங்கக் கூடாது. கெலுலுட் வேறு வகை. கொட்டாத அந்தத் தேனீ மெழுகோடு மரப்பிசினைக் குழைத்துக் கூடு கட்டும். அது கருப்பாக, பிசுபிசுப்பாக இருக்கும். அடிப்படை மெழுகாக வைத்துக்கொள்ள முடியாது.

டாமர் எதுக்கு? சாம்பிராணி போட்டா ஆகாதா?

தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும். அதற்கு வெகு முன்னாலேயே மிருதுவாகிவிடும். டாமர் சேர்ந்தால் படலம் இறுகும், மெருகு ஏறும், தூசி ஒட்டுவது குறையும். நம் வெயிலுக்கு இது கட்டாயம். டாமர் நம் காட்டுப் பொருள்தான். மெராந்தி, செங்கால் குடும்பத்து மரங்கள் வடிக்கும் பிசின் அது. மலாய்க்காரர்கள் படகின் பலகை இடுக்கை அடைக்கவும் பந்தம் எரிக்கவும் பயன்படுத்தி வந்தார்கள். டாமர் மாத்தா கூச்சிங் என்று விற்கும் வெளிர்மஞ்சள் கட்டிகள் போதும். கண்ணாடிபோலத் தெளிவாக இருப்பவற்றைப் பொறுக்கி எடுங்கள்.

சாம்பிராணி வேறு பிசின். சூட்டில் புகைந்து கரிந்துபோகும், மெழுகில் ஒழுங்காகக் கரையாது. பூசைச் சாமான் கடையில் குங்கிலியம் என்ற பெயரில் கிடைப்பதும் கடைக்குக் கடை மாறுகிறது. பெயரை நம்பி ஒரு கிலோ வாங்காமல், ஒரு சிட்டிகையை உருகிய மெழுகில் போட்டுக் கரைகிறதா என்று பாருங்கள்.

மெழுகும் டாமரும் எவ்வளவுக்கு எவ்வளவு? எப்படிக் காய்ச்சுறது?

வெளிநாட்டில் பெரும்பாலும் எடைக்கணக்கில் 8 பங்கு மெழுகுக்கு 1 பங்கு டாமர் என்பார்கள். நம் தாழ்நிலத்து வெப்பத்துக்கு 5 பங்குக்கு 1 நல்லது: 500 கிராம் மெழுகு, 100 கிராம் டாமர். 4 பங்குக்கு 1 என்பதைத் தாண்டாதீர்கள். பிசின் கூடினால் கண்ணாடிபோல உடையும். இன்னும் இறுக்கம் வேண்டுமானால், 100 கிராம் கலவைக்கு 3 முதல் 5 கிராம் கார்னாபா மெழுகு சேர்க்கலாம். அது 82 முதல் 86 டிகிரியில் உருகுவது.

டாமரைத் துணியில் சுற்றிச் சுத்தியலால் மிளகு அளவுக்கு உடையுங்கள். சூட்டுக் கட்டுப்பாடு உள்ள மின்சட்டியில் மெழுகை உருக்கி, டாமரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, 100 டிகிரியை ஒட்டி வைத்திருங்கள். 105ஐத் தாண்டவிடாதீர்கள். கரைய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் கலவை பழுப்பேறும், புகையும் கிளம்பும். அடியில் பிசினும் மரத்தூளும் குழம்பாகத் தங்கும். அதைக் கலக்காமல், மேலே தெளிந்ததை மட்டும் உலோக வடிகட்டி அல்லது பழைய பருத்தித் துணி வழியாக சிலிகோன் கேக் அச்சுகளில் ஊற்றுங்கள். ஆறியதும் தட்டி எடுத்து வைத்துக்கொள்ளலாம். இனி இந்தப் பக்கத்தில் கலவை என்று சொல்வதெல்லாம் இதைத்தான்.

எவ்வளவு தேவைப்படும் என்பதற்கு ஒரு கணக்கு. ஏ4 தாள் அளவுப் பலகையில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு ஏறத்தாழ 60 கிராம் கலவை பிடிக்கும். நிறைய படலம் போட்டுச் சுரண்டி வேலை செய்பவருக்கு அதே பலகையில் 150 கிராம்கூடப் போகும்.

இண்டக்ஷன் அடுப்பு இருக்கு. அது போதாதா? வேற என்னென்ன சாமான் வேணும்?

இண்டக்ஷன் அடுப்பு விட்டுவிட்டுச் சூடேற்றும். காட்டும் எண் ஒன்று, மெழுகின் சூடு வேறொன்று. அலுமினியத் தட்டும் சாதாரணமாக அதில் வேலை செய்யாது. தட்டையான மின்தோசைக்கல்தான் சரி. அதன்மேல் சார்டின் டின்களை வரிசையாக வைத்தால் ஒவ்வொன்றும் ஒரு நிறக் கிண்ணம். அமெரிக்காவிலிருந்து வரவழைக்கும் கல் 120 வோல்ட்டுக்கு ஆனது. நம் மின்சாரத்தில் நேராகச் செருகினால் எரிந்துவிடும்.

தீட்டும்போது மெழுகின் சூடு 80 முதல் 90 டிகிரி. அகச்சிவப்பு வெப்பமானி வைத்திருப்பவர்கள் பளபளக்கும் தட்டை அளக்கக் கூடாது. அது குறைத்தே காட்டும். உருகிய மெழுகின் மேலோ, தட்டில் ஒட்டிய காகித டேப்பின் மேலோ அளந்து பாருங்கள். இவை போக, சூடான காற்றை ஊதும் ஒரு ஹீட் கன், பன்றிமயிர் அல்லது ஆட்டுமயிர்த் தூரிகைகள், ஒரு சுரண்டி, கூரான ஓர் ஊசிக்கருவி. நைலான் தூரிகை சூட்டில் சுருண்டுவிடும். முடி காயவைக்கும் டிரையர் போதுமா என்றால், போதாது: காற்று அதிகம், சூடு குறைவு, மெழுகைத் தள்ளிக்கொண்டு போகும்.

நிறத்துக்கு மஞ்சள், குங்குமம், கோலப்பொடி கலக்கலாமா? போஸ்டர் கலர்?

தண்ணீர் சேர்ந்த எதுவும் கூடாது. போஸ்டர் கலரும் அக்ரிலிக்கும் சூடான மெழுகில் விழுந்தால் தெறிக்கும், திரியும். அரைத்த மஞ்சள் தூள் கலக்கும், ஆனால் வெளிச்சத்தில் சில மாதங்களில் வெளுத்துவிடும். கோலப்பொடியில் இருப்பது சாயம் ஏற்றிய கல்மாவு, அதுவும் நிற்காது. குங்குமமும் செந்தூரமும் தொடவே வேண்டாம். சில வகைகளில் ஈயமோ பாதரசமோ இருக்கலாம்; அவற்றைச் சூடாக்கி மூச்சில் வாங்குவது ஆபத்து.

நம்பிப் பயன்படுத்தக்கூடியவை இரும்பு ஆக்சைடு நிறங்கள். பழைய லயத்து வீடுகளின் சிவப்புச் சிமெண்டுத் தரைக்குப் போட்டார்களே, அந்த ஆக்சைடு தூள் இன்றும் ஹார்ட்வேர் கடைகளில் சிவப்பு, மஞ்சள், கருப்பு என்று கிடைக்கிறது. 100 கிராம் கலவைக்கு 10 கிராமில் தொடங்கிப் பாருங்கள். தூளை அளக்கும்போது என்95 முகக்கவசம் அவசியம். தோட்டத்துச் செம்மண்ணையும் நிறமியாக்கலாம். மண்ணைத் தண்ணீரில் கலக்கி, கனமான மணல் ஒரு நிமிடம் அடியில் தங்கியதும் மேல்நீரை வேறு பாத்திரத்தில் ஊற்றுங்கள். அந்த நீர் தெளிந்து அடியில் படியும் நுண்மண்ணை வெயிலில் நன்கு காயவைத்து, அம்மியில் அரைத்து, மெல்லிய துணியில் சலித்தால் தயார். ஈரம் மிச்சமிருந்தால் மெழுகில் நுரைக்கும்.

வெள்ளைக்கு டைட்டானியம் வெள்ளை. நீலத்துக்கு அல்ட்ராமரின், மஞ்சள் மெழுகில் போட்டால் அது பச்சையாகத் திரும்பும் என்பதால் வெள்ளை மெழுகில் கலக்குங்கள். எண்ணெய்க் குழாய் நிறங்களையும் சேர்க்கலாம். முதல் நாள் இரவே பழைய அட்டையில் பிதுக்கி வைத்து, எண்ணெயை அட்டை உறிஞ்சியபின் கலவையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பயன்படுத்துங்கள். எண்ணெய் மிகுந்தால் படலம் இறுகவே இறுகாது.

கேன்வாஸ்ல பண்ணலாமா?

வளையும் எதிலும் வேண்டாம். வளைந்தால் மெழுகு வெடிக்கும். 9 முதல் 12 மில்லிமீட்டர் பிளைவுட் போதும். 30 சென்டிமீட்டருக்கு மேல் போனால் பின்னால் சட்டம் அடியுங்கள். அக்ரிலிக் ஜெஸ்ஸோ எனும் வெள்ளை அடிப்பூச்சு பூசிய பலகை மெழுகை உறிஞ்சாது. படலம் தகடாகக் கழன்று வரும். வெள்ளைத் தளம் வேண்டுமானால் கனமான வாட்டர்கலர் தாளைப் பலகையில் ஒட்டுங்கள்.

முதலில் பலகையை ஹீட் கன்னால் வெதுவெதுப்பாக்கி, நிறமில்லாத கலவையைப் பூசி, உறிஞ்சும்வரை சூடு காட்டி, இரண்டாம் முறையும் பூசுங்கள். வேலை முடிந்தபின் பலகையின் முதுகிலும் ஓரத்திலும் ஒரு கை மெழுகு தடவினால், மழைக்காலத்து ஈரத்தில் பலகை முறுக்கிக்கொள்வதும் பூஞ்சணம் பிடிப்பதும் குறையும்.

சூடு காட்டும்போது குமிழ் குமிழா வருது, இல்லன்னா நிறமெல்லாம் ஓடிக் கலந்துடுது. என்ன தப்பு?

இரண்டும் வேறு வேறு கோளாறு. குமிழ் வருவது பலகைக்குள் இருக்கும் காற்றால். பலகை குளிர்ந்திருக்கும்போதே மெழுகைப் பூசியிருப்பீர்கள், அல்லது முதல் பூச்சு ஆழமாக இறங்கியிருக்காது. நிறமிக்குள் ஈரம் இருந்தாலும் வரும். குமிழ் வந்த இடத்தில் மெல்லச் சூடு காட்டிக்கொண்டே இருந்தால் வெடித்து அடங்கும். மீறி நிற்கும் ஊசித்துளைகளில் நிறமில்லாத கலவையைத் தடவி, ஆறியதும் சமமாகச் சுரண்டுங்கள்.

நிறம் ஓடுவது சூடு மிகுதியால். ஹீட் கன்னைக் குறைந்த வேகத்தில், ஒரு சாண் உயரத்தில், ஒரே இடத்தில் நிற்காமல் அசைத்துக்கொண்டே கொண்டுபோங்கள். மங்கலாக இருந்த மெழுகு ஈரம்போலப் பளிச்சிடும் கணம்தான் அளவு. அந்த இடத்தை உடனே விட்டு நகர வேண்டும். அதற்குமேல் நின்றால் அடிப்படலமும் உருகி மேலே வரும். மேலே வேலை செய்த மெல்லிய கோடு நிலைக்க வேண்டுமென்றால் அடிப்படலங்களை முழுச்சூட்டில் நன்றாகச் சேர்த்துவிட்டு, மேல்படலத்துக்கு மட்டும் லேசான சூடு போதும். நிறங்கள் வேண்டுமென்றே ஓடுவதையும் சிலர் விரும்புகிறார்கள். அது தவறில்லை, ஆனால் எந்தச் சூட்டில் எவ்வளவு ஓடும் என்பது கைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நம்ம ஊர் வெயிலுக்கு படம் உருகிடாதா?

நிழலில் இருக்கும் சுவரில் உருகாது. 33, 34 டிகிரிக் காற்றில் படலம் சற்று இளகும். விரல் பட்டால் ரேகை பதியும், தூசி ஒட்டும், அவ்வளவே. ஆபத்து வேறு இடங்களில் இருக்கிறது. மேற்குப் பார்த்த பலகைச் சுவர், உட்கூரை இல்லாத தகரத்துக்கு நெருக்கமான மேல்சுவர், சாமிவிளக்குக்கு மேலே உள்ள இடம், சன்னல் வழியாக நேர்வெயில் விழும் இடம்: இவற்றில் மாட்டாதீர்கள். இடத்தைச் சோதிக்க, மிச்சமான கலவையைத் தடவிய ஒரு சிறு துண்டை அங்கே ஒரு வாரம் மாட்டி வையுங்கள். பிற்பகலில் அதன்மேல் ஒரு நூலை அழுத்திப் பாருங்கள். நூல் ஆழமாகப் பதிந்தால் அந்த இடம் கூடாது.

வெயிலில் நிறுத்திய காருக்குள் 60 டிகிரிக்கு மேல் போகும். பத்து நிமிடம்தானே என்று பின்னிருக்கையில் வைத்த படம் வழிந்துவிடும். காலையில் கொண்டுபோங்கள், அல்லது ஏர்கோன் ஓடிக்கொண்டிருக்கும்போது மடியில் வைத்துப் போங்கள்.

புகை உடம்புக்குக் கெடுதலா? லயத்து வீட்டுச் சமையலறையில பண்ணலாமா?

90 டிகிரிக்குள் இருந்தால் மெழுகு வாசம் மட்டும் வரும். சூடு ஏற ஏற மெழுகு சிதைந்து கண், தொண்டை எரியும் ஆவிகளைக் கக்கும். தலைவலி வந்தால் சூடு அதிகம் என்று பொருள். சன்னலில், மேசை உயரத்தில் வெளிநோக்கி ஊதும் விசிறி ஒன்று வேண்டும். மேசை விசிறியை மெழுகின்மேல் ஊதவிட்டால் புகையை அறை முழுவதும் பரப்பும், மெழுகையும் ஆறவைக்கும். சமையல் பாத்திரமும் ஓவியப் பாத்திரமும் ஒன்றாக இருக்கவே கூடாது. பின்வாசல் தாழ்வாரம் சமையலறையைவிட நல்லது. சூடான மெழுகில் டர்பண்டைன் ஊற்றாதீர்கள், தீப்பிடிக்கும்.

தீப்பிடிச்சா? கையில பட்டுட்டா?

எரியும் மெழுகில் தண்ணீர் ஊற்றக் கூடாது. பிளக்கைப் பிடுங்கி, மூடியால் மூடுங்கள். பக்கத்தில் பாத்திரத்துக்குப் பொருந்தும் மூடி எப்போதும் இருக்கட்டும். கையில் பட்டால் உடனே ஓடும் குழாய்நீரில் 20 நிமிடம் பிடியுங்கள். ஒட்டிய மெழுகைப் பிய்த்தால் தோலும் சேர்ந்து வரும். பற்பசை, சோயா கிச்சாப், எண்ணெய் எதுவும் தடவாதீர்கள். கையில் கொப்புளம் எழும்பினாலும், காயம் உள்ளங்கையைவிடப் பெரிதானாலும், முகத்தில் பட்டாலும் கிளினிக்குக்குப் போக வேண்டும்.

தூரிகையை எப்படிக் கழுவுறது?

கழுவ வேண்டியதில்லை. நிறத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு, அப்படியே இறுகவிடுங்கள். அடுத்த முறை கல்லில் வைத்தால் இளகிவிடும். நிறம் மாற்றியே ஆக வேண்டுமானால் உருகிய பழைய மெழுகுவர்த்தியில் முக்கி, தாளில் துடையுங்கள். பின்பு கொஞ்சம் கலவையில் முக்கித் துடைத்து, பாரஃபினை வெளியேற்றுங்கள். சிங்க்கில் மட்டும் ஊற்றாதீர்கள்.

தாத்தாவோட பழைய படத்தை மெழுகுக்குள்ள வைக்கலாமா?

மூலப்படத்தை வைக்காதீர்கள். புகைப்படத் தாள் மெழுகை உறிஞ்சாது, சூட்டில் சுருளும், பிறகு மீட்க வழியில்லை. லேசர் நகல் எடுத்து அதன் மையை மட்டும் மெழுகில் இறக்கலாம். இங்க்ஜெட் நகல் இதற்கு ஆகாது. மெழுகுப் பரப்பைச் சமமாக்கி, தொட்டால் சற்று வெதுவெதுப்பாக இருக்கும் நிலைக்கு ஆறவிட்டு, நகலைக் கவிழ்த்து வைத்து, கரண்டி முதுகால் எல்லா இடமும் படும்படி அழுத்தித் தேயுங்கள். பின்பு தாளைத் தண்ணீரால் நனைத்து, விரலால் உருட்டி உருட்டித் தாள்நாரை எடுங்கள். கருமை மெழுகிலேயே தங்கும். நன்கு காய்ந்தபின் லேசாகச் சூடு காட்டுங்கள். படம் இடவலம் மாறி விழும் என்பதால், எழுத்து இருந்தால் நகல் கடையிலேயே திருப்பி எடுக்கச் சொல்லுங்கள். பழைய சம்பளச் சீட்டு, அடையாள அட்டை போன்றவற்றை இறக்கும்போது எண்களை மறைத்துவிடுவது நல்லது.

ரப்பர் இலை ஒட்டலாமா? பால்கூட கலந்து பார்க்கலாம்னு ஆசை.

இலை ஒட்டலாம், முழுக்கக் காய்ந்திருந்தால். தாள்களுக்கு நடுவே இரண்டு மூன்று வாரம் அழுத்தி வைத்து, முறித்தால் சடக்கென்று ஒலிக்கும் பதத்தில் எடுத்து, உருகிய கலவையில் முக்கி ஒட்டுங்கள். ஈர இலை குமிழ் விடும், உள்ளேயே கருத்துப் பூஞ்சணம் பிடிக்கும். பச்சை நிறம் எப்படியும் பழுப்பாகிவிடும்.

மரத்துப்பாலைக் கலக்க முடியாது. அதில் பாதிக்கு மேல் தண்ணீர். சூடான மெழுகில் தெறித்து முகத்தில் அடிக்கும். பாலின் அடையாளம் படத்தில் வேண்டுமென்றால் வேறு வழி உண்டு. மரம் சீவும் பழைய கத்தியின் வளைந்த முனையால் கனமான மெழுகுப் படலத்தில் சாய்வாகக் கோடு இழுத்து, அந்தப் பள்ளத்தில் வெள்ளைக் கலவையை நிரப்பி, ஆறியதும் மேல்மட்டத்தைச் சுரண்டினால், பட்டையில் பால் ஓடும் கோடு கூர்மையாகக் கிடைக்கும்.

முறையெல்லாம் வந்துடுச்சு. ஆனா எதை வரையிறதுன்னு தெரியல. எனக்குன்னு ஒரு அர்த்தம் எப்படி வரும்?

பெரிய தலைப்பில் தொடங்காதீர்கள். “தோட்ட வாழ்க்கை” என்று எடுத்தால் எல்லாரும் வரையும், தோளில் தூக்கும் காண்டா வாளியும் விடிகாலைப் பனியும்தான் வரும். கையால் பலமுறை தொட்ட ஒரே ஒரு பொருளை எடுங்கள். மரத்தில் பால் ஏந்தும் மங்கு, குழந்தைகளை விட்டுச்செல்லும் ஆயாக் கொட்டகையின் தொட்டில் கம்பு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்து மணி, அம்மாவின் சுருக்குப்பை, எதுவும் சரி. அதைப் பற்றி நீங்கள் மட்டும் அறிந்த ஒரு விவரத்தைத் தாளில் எழுதுங்கள்: மங்கின் விளிம்பில் எங்கே ஒட்டுப்பால் காய்ந்திருக்கும், மணியின் எந்தப் பக்கம் தேய்ந்திருந்தது என்பதுபோல. அந்த விவரம்தான் படம்.

அடுத்தது, எதை மேலே வைப்பது, எதை அடியில் புதைப்பது என்ற முடிவு. பால்மரம் வெட்டப்பட்டுச் செம்பனை நின்ற மண்ணில், செம்பனைக்குப் பிறகு வீடமைப்புத் திட்டம் எழுந்த மண்ணில் வாழ்பவர்கள் நாம். ஒன்றின் அடியில் இன்னொன்று கிடப்பது நமக்குக் கற்பனையாகச் செய்ய வேண்டிய காரியம் இல்லை. மெழுகு அதை அப்படியே செய்யவிடுகிறது: நிறமில்லாத படலத்துக்கு அடியில் வைத்தது மங்கலாகத் தெரியும், நிறம் கூடிய படலத்துக்கு அடியில் வைத்தது மறைந்தே இருக்கும், சுரண்டினால் மட்டும் வெளிவரும். எல்லாவற்றையும் தெரியவைக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. பார்ப்பவருக்குத் தெரியாமல் நீங்கள் மட்டும் அறிந்து புதைத்ததும் ஓவியத்தில் ஒரு பகுதிதான்.

பொருளையே நிறமாக்கும் வழியும் உண்டு. நிறமி பற்றிய பதிலில் சொன்ன செம்மண்ணை, குறிப்பிட்ட ஒரு வீட்டு வாசலிலிருந்து எடுத்துக் காயவைத்தால் அந்தச் சிவப்பு வேறு எந்தக் குழாயிலும் கிடைக்காது.

எத்தனை பலகை செஞ்சாலும் எல்லாம் பரிசோதனையாவே நிக்குது. முழுப்படமா ஆகலையே?

ஒரே பலகையில் எல்லா வித்தையையும் காட்டினால் அப்படித்தான் நிற்கும். நகலிறக்கம், இலை, கீறல் எல்லாம் ஒன்றில் சேர்ந்தால் மாதிரிப் பலகைதான் மிஞ்சும். 15 சென்டிமீட்டர் சதுரத்தில் ஆறு பலகை வெட்டுங்கள். ஆறிலும் பொருள் ஒன்றே, நிறம் மூன்றே. மாறுவது ஒன்று மட்டும்: முதலிரண்டில் படலத்தின் எண்ணிக்கை, அடுத்த இரண்டில் சூடு, கடைசி இரண்டில் சுரண்டல். பலகையின் முதுகில் கலவை விகிதம், நிறமி, படலங்கள், நாள் எல்லாவற்றையும் பென்சிலால் எழுதுங்கள்.

ஆறும் ஆறியபின் வரிசையாக வைத்து, பொருளின் அருகில் கொண்டுபோய் நிறுத்துவது எது என்று பாருங்கள். பெரும்பாலும் அழகானது அதுவாக இருக்காது. அந்த ஒன்றின் முதுகில் எழுதியிருப்பதை வைத்துப் பெரிய பலகைக்குப் போகலாம்.

சுரண்டினா அடியில இருக்கிறது கெட்டுப்போயிடுமா?

எப்போது சுரண்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மெழுகு சற்று வெதுவெதுப்பாக, வெண்ணெய்க்கட்டி பதத்தில் இருக்கும்போது சுரண்டி நீளமான சுருளாக எடுக்கும், அடிப்படலம் தப்பும். முழுக்க ஆறியபின் சுரண்டினால் துகளாகப் பறக்கும், ஓரங்கள் உடையும். புதைத்த இடத்தை மீண்டும் கண்டுபிடிக்க, ஒவ்வொரு நிறப் படலத்துக்கும் நடுவே நிறமில்லாத கலவை ஒரு பூச்சு கொடுங்கள். சுரண்டி அந்தத் தெளிந்த பூச்சைத் தொட்டதும் நிறுத்த வேண்டும் என்று கைக்குத் தெரியும். சுரண்டிய சுருள்களை வீணாக்காதீர்கள். உருக்கினால் அருமையான சாம்பல்பழுப்பு கிடைக்கும்.

மேலே வெள்ளையாப் படிஞ்சிருக்கு. பூஞ்சணமா?

பெரும்பாலும் மெழுகு விடும் மென்படலம்தான். நாட்பட ஏர்கோன் அறையில் இருக்கும் படங்களில் வரும். மிருதுவான பருத்தித் துணியால் வட்டமாகத் தேய்த்தால் போய், மெருகு திரும்பும். முதல் ஆறு மாதம் முதல் ஒரு வருடம்வரை இப்படி அவ்வப்போது தேய்க்க வேண்டியிருக்கும். துணியில் பச்சை, கருப்பு ஒட்டினால்தான் பூஞ்சணம். அது பலகையின் முதுகிலிருந்து வந்திருக்கும்.

லண்டன்ல இருக்கிற அக்காவுக்கு ஒண்ணு அனுப்பணும். எப்படிக் கட்டுறது?

முதலில் வழுவழுப்பான பேக்கிங் காகிதத்தால் சுற்றுங்கள். குமிழ்ப் பிளாஸ்டிக் நேராகப் பட்டால் அதன் வட்டங்கள் மெழுகில் பதிந்துவிடும். அது வெளிச்சுற்றுக்கு மட்டும். இங்கே சூடு எதிரி என்றால் அங்கே குளிர் எதிரி. 5 டிகிரிக்குக் கீழே மெழுகு மொறுமொறுப்பாகி, கீழே போட்டால் சில்லாகப் பெயரும். நான்கு ஓரமும் பலகையைவிட உயரமான சட்டப்பெட்டிக்குள் வைத்து அனுப்புங்கள். வந்ததும் ஒரு நாள் முழுக்க அறைச் சூட்டில் வைத்துவிட்டுப் பிரிக்கச் சொல்லுங்கள்.

பாட்டியோட சேலையில ஒரு துண்டை மெழுகுக்குள்ள வச்சேன், மறைஞ்சே போச்சு. திரும்ப எடுக்க முடியுமா?

பார்வைக்குக் கொண்டுவரலாம், துணியாகத் திரும்ப எடுக்க முடியாது. மேல்படலத்தை முன்பு சொன்ன வெதுவெதுப்பான பதத்தில் சுரண்டிக்கொண்டே வாருங்கள். நெசவு தெரியத் தொடங்கியதும் சுரண்டியை வைத்துவிட்டு, லேசான சூடு காட்டி, உருகியதைப் பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். கரை, பூ, சரிகை எல்லாம் ஈரத்தில் நனைந்ததுபோல அடர்ந்த நிறத்தில் தெரியும். நூலுக்குள் இறங்கிய மெழுகு போகாது. செயற்கைப் பட்டு, நைலக்ஸ் சேலைகள் ஹீட் கன்னில் சுருங்கிவிடும் என்பதால், ஒரு நூலை உருவிச் சூடு காட்டிப் பார்த்தபின் தொடங்குங்கள். இனிமேல் வைப்பதாக இருந்தால் முந்தானையைத் தொடாதீர்கள். உள்கட்டில் மறைந்திருக்கும் ஓரத்திலிருந்து உள்ளங்கை அளவு மட்டும் வெட்டி எடுத்து, மிச்சத்தைத் துவைத்துக் காயவைத்து மடித்து வைத்துக்கொள்ளுங்கள்.